கொலைகாரனை முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ஷெர்லாக் ஹோம்ஸ் முழுத் தொகுப்பையும் அகதா கிறிஸ்டியில் பாதிக்கு மேலும் முடித்துவிட்டு, "இனி உலகத் துப்பறியும் கதைகள்" என்று மூன்று மொழிபெயர்ப்பு நாவல்கள் வாங்கியிருக்கிறீர்கள். ஜப்பானிய நாவலில் கொலை செய்தது யார் என்று தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். ஸ்வீடன் நாவலில் நாற்பது பக்கம் போயும் செத்தது யார் என்றே தெரியவில்லை, மூடி வைத்துவிட்டீர்கள். இத்தாலிய நாவலில் செய்தது யார் என்று ஊருக்கே தெரிகிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. "இவற்றை எப்படித் துப்பறியும் நாவல் என்கிறார்கள்? நான்தான் தப்பாகப் படிக்கிறேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நூல்களின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் விட்டுப்போன தடயம் போதும். ஜப்பானியது ஹிகாஷினோ கெய்கோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஸ்வீடன் நாவல் மாய் ஷோவாலும் பெர் வாலோவும் சேர்ந்து எழுதிய 'ரோசான்னா'. இத்தாலியது லியோனார்டோ ஷாஷாவின் 'தி டே ஆஃப் தி அவுல்'. என் ஊகம் தப்பாக இருந்தாலும் பதில் பெரிதாக மாறாது. துப்பறியும் கதை எழுதுபவர் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார், அந்த வாக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதானா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. ஒன்று இல்லை. ஏன் இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு வழியில் விளக்கம் சொல்லிப் பார்க்கிறேன். முடிவுகளை உடைக்காமல் எழுத முயல்கிறேன்.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடமாக கிரிமினல் வழக்கு நடத்துகிறேன், பெரும்பாலும் எதிரி தரப்பில். குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத் தமிழில் 'எதிரி' என்றுதான் சொல்வோம். யாருக்கு எதிரி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சாயங்காலம் வழக்குக் காகிதக் கட்டை மடித்து வைத்த பிறகு படிப்பது துப்பறியும் நாவல். எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். ஜப்பானியமோ இத்தாலியமோ எனக்குத் தெரியாது, எனவே நடையைப் பற்றி நான் சொல்வதை நம்பாதீர்கள். விசாரணையைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம்.

முதலில் உங்களுக்குப் பழக்கமான வாக்கை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட சில பேர், ஒரு பிணம், எல்லாத் தடயமும் வாசகர் கண்முன்னே, கடைசியில் ஒரு கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விரல் நீட்டுவது. துப்பறியும் கதை என்றாலே இதுதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இது இங்கிலாந்தில், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் கெட்டிப்பட்ட ஒரு விளையாட்டு. கிறிஸ்டியின் முதல் நாவல் 1920-இல் வந்தது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் இதற்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். 1930-இல் லண்டனில் 'டிடெக்ஷன் கிளப்' தொடங்கினார்கள். முக்கியமான தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கமாட்டேன் என்று புது உறுப்பினர்கள் மண்டை ஓட்டின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்வார்கள். பாதி கேலி, பாதி நிஜம். கிரிக்கெட் விதியை எழுதிய அதே மனசு என்று எனக்குத் தோன்றும்.

இங்கிலாந்திலேயேகூட அதற்கு முன் இந்த விதி கிடையாது. வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' 1868-இல் வந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வெள்ளையர்கள் பிடித்தபோது கொள்ளை போன வைரத்தைப் பற்றிய கதை. அதில் வரும் போலீஸ் சார்ஜென்ட் தப்பான முடிவுக்கு வந்து பாதியிலேயே போய்விடுகிறார். குற்றவாளியை முதலில் காட்டிவிட்டு, பிடிப்பதைப் பின்னால் சொல்லும் முறையை ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இல் 'தி சிங்கிங் போன்' தொகுப்பிலேயே செய்துவிட்டார். ஆக, முதல் அத்தியாயத்தில் கொலைகாரனைக் காட்டுவது ஜப்பான்காரர் கண்டுபிடித்த குறும்பு அல்ல.

இப்போது என் தொழிலிலிருந்து ஒரு விஷயம். கொலை வழக்கில் மூன்று கேள்விகள் உண்டு. யார் செய்தார்? அதை நிரூபிக்க முடியுமா? நிரூபித்தால் தண்டனை வருமா? வெளியே இருப்பவர்களுக்கு மூன்றும் ஒன்று. எங்களுக்கு மூன்றும் மூன்று ஊர், நடுவில் பஸ் இல்லை.

பல வருடத்துக்கு முன் ஒரு வரப்புத் தகராறு வழக்கு. யார் வெட்டியது என்று ஊருக்கே தெரியும். எதிரி போலீஸிடம் ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன கிணற்றிலிருந்து அரிவாளை எடுத்ததாக ரெக்கவரி மகஜர், அதாவது சாட்சிகள் கையெழுத்திட்ட கைப்பற்றல் பத்திரம், போட்டார்கள். மகஜர் சாட்சி கூண்டில் ஏறி, "ஸ்டேஷனில் வைத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள், கிணற்றுப் பக்கமே நான் போகவில்லை" என்றார். சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சி. நேரில் பார்த்தவர்கள் யாரும் பார்க்கவில்லை என்றார்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் நம் சட்டத்தில் செல்லாது. 1872-ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தில் அது பிரிவு 25, 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதுச் சட்டத்தில் பிரிவு 23. ஒப்புதலில் ஒரு பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டும்தான் நிற்கும், இங்கே அந்தக் கண்டெடுப்பே விழுந்துவிட்டது. சந்தேகத்தின் பலன், விடுதலை. குறுக்கு விசாரணை செய்தவன் நான். கோர்ட் வாசல் டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டியபடி, "சார், நீங்களே சொல்லுங்க, அவன்தானே பண்ணான்?" என்றார். டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வழக்கைக் கிறிஸ்டி எழுதியிருக்க முடியாது. ஷாஷா எழுதியிருப்பார். ஒவ்வொரு நாட்டுக் கதையும் அந்த மூன்று கேள்விகளில் எதைத் தனதாக எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன், அதன் பிறகுதான் எனக்கு வெளிநாட்டு நாவல்கள் திறந்துகொண்டன. கிறிஸ்டியின் துப்பறிவாளர் பாய்ரோ கடைசியில் கூட்டும் அந்தக் கூட்டத்தை வைத்து எங்கள் ஊரில் ஒரு குற்றப்பத்திரிகைகூடத் தாக்கல் செய்ய முடியாது. பல கதைகளில் இருப்பது தர்க்கம்தான், சாட்சியம் இல்லை. குற்றவாளி தானே உடைந்து ஒப்புக்கொள்வதால் கதை தப்பிக்கிறது. இது குறை இல்லை. அந்த விளையாட்டுக்கு முதல் கேள்வி மட்டும் போதும். கண்டுபிடித்துவிட்டால் போதும், மற்றதை ஸ்காட்லாந்து யார்டும் ஜூரியும் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அடியில் இருக்கிறது.

அந்த நம்பிக்கை வேறு மாதிரி இருந்த இடம் சீனா. அங்கே வழக்குக் கதைகளுக்கு மிகப் பழைய மரபு உண்டு. சோங் காலத்து நீதிபதி பாவ், தாங் காலத்து நீதிபதி டீ இருவரும் நிஜமாக வாழ்ந்த அதிகாரிகள், பிறகு கதைத் தலைவர்கள் ஆனவர்கள். ராபர்ட் வான் குலிக் என்ற டச்சுத் தூதரக அதிகாரி 1949-இல் டோக்கியோவில் ஒரு பழைய டீ நாவலை மொழிபெயர்த்து வெளியிட்டார். சீனக் கதைகளில் குற்றவாளியைத் தொடக்கத்திலேயே பெயர், ஊர், காரணத்தோடு அறிமுகப்படுத்திவிடுவது வழக்கம், ஆவிகள் வந்து சாட்சி சொல்வதும் உண்டு என்று முன்னுரையில் விளக்கினார். மேலைநாட்டு வாசகர் ஓடிவிடக்கூடாதென்று இவையெல்லாம் குறைவாக உள்ள நாவலாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன் என்றும் சொன்னார். யார் என்று முன்பே தெரிந்தால் என்ன சுவை? பழைய சீனச் சட்டத்தில் எதிரி ஒப்புக்கொள்ளாமல் தண்டனை கொடுப்பது கடினம். துப்பறிபவர், அரசு வக்கீல், நீதிபதி மூன்றும் ஒரே ஆள், அந்த ஊர் மாஜிஸ்திரேட். எனவே அவர் எப்படி வாயைத் திறக்க வைக்கிறார் என்பதுதான் அங்கே கதை.

இதற்கு நிஜ வாழ்க்கையிலிருந்தே ஒன்று சொல்கிறேன், என் ஜூனியர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது. சோங் ட்ஸு என்ற அதிகாரி 1247-இல் பிணப் பரிசோதனை பற்றி ஒரு கையேடு எழுதினார். அதில் ஒரு வழக்கு. வழியோரம் ஒருவர் வெட்டுப்பட்டுக் கிடக்கிறார், உடம்பில் பத்துக்கும் மேல் காயம், எல்லாம் கதிர் அரிவாள் வெட்டு. உடைமை எதுவும் போகவில்லை. கொள்ளை இல்லை, பகை என்று விசாரணை அதிகாரி முடிவு செய்கிறார். கடன் கேட்டுக் கிடைக்காமல் மிரட்டிவிட்டுப் போனவன் ஒருவன் உண்டு என்று மனைவி சொல்கிறாள். அக்கம்பக்கத்தில் உள்ள எல்லா அரிவாளையும் கொண்டுவரச் சொல்லித் தரையில் பரப்புகிறார்கள். எழுபது எண்பது அரிவாள், நல்ல வெயில். ஒன்றில் மட்டும் ஈ மொய்க்கிறது. அது அவனுடைய அரிவாள். கழுவின பிறகும் ஈக்கு வாசனை தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் பாருங்கள், அவன் தலையைத் தட்டிக்கொண்டு ஒப்புக்கொள்வதோடுதான் வழக்கு முடிகிறது. தடயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாயால் வர வேண்டும்.

ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். அங்கே ஒரே நாட்டுக்குள் இரண்டு வாக்குகள் நூறு வருடமாகச் சண்டை போடுகின்றன. ஹிராய் தாரோ என்பவர் எட்கர் ஆலன் போ என்ற பெயரை ஜப்பானிய நாக்கில் உருட்டி எடோகாவா ராம்போ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார், முதல் கதை 1923-இல் வந்தது. காகிதக் கதவும் மரச்சட்டமும் உள்ள ஜப்பானிய வீட்டில் 'பூட்டிய அறைக்குள் கொலை' சாத்தியமே இல்லை என்ற பேச்சு அப்போது இருந்தது. நமக்குச் சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் தாழ்ப்பாள் கதை எப்படி எழுதுவது? போருக்குப் பிறகு 1946-இல் யோகோமிசோ செய்ஷி 'தி ஹோஞ்சின் மர்டர்ஸ்' எழுதி அதற்குப் பதில் சொன்னார். போர்க்காலத்தில் இந்த வகைக் கதைகளுக்கு அரசு நெருக்கடி இருந்தது, ராம்போவின் கதை ஒன்றையே தடை செய்தார்கள். யோகோமிசோ குண்டுவீச்சுக்குப் பயந்து ஒகாயாமா பக்கம் கிராமத்துக்குக் குடிபெயர்ந்திருந்தார். அந்தக் கிராமத்துப் பெரிய வீடும், வம்ச கௌரவமும், கல்யாண ராத்திரியும், பனியில் குத்தி நிற்கும் வாளும் நாவலுக்குள் வந்துவிட்டன. தலையைச் சொறிந்து பொடுகு கொட்டும் கிண்டாய்ச்சி என்ற துப்பறிவாளரும் வந்தார். கிறிஸ்டி ரசிகராகிய உங்களுக்கு வீட்டுக்குத் திரும்பியது போல இருக்கும். இந்த வகைக்கு அவர்கள் பெயர் 'ஹொன்காகு', அசல் ரகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதை ஓரம் கட்டியவர் மாட்சுமோட்டோ செய்ச்சோ. ஏழை வீட்டுப் பிள்ளை, அச்சுத் தொழிலில் இருந்து மேலே வந்தவர், நாற்பது வயதை ஒட்டித்தான் எழுத்தாளராகப் பேர் வாங்கினார். அவருடைய 'பாயிண்ட்ஸ் அண்ட் லைன்ஸ்' 1957-58-இல் ஒரு பயணப் பத்திரிகையில் தொடராக வந்தது. க்யூஷு தீவில் கடற்கரைப் பாறையில் ஓர் ஆணும் பெண்ணும் செத்துக் கிடக்கிறார்கள். காதல் தற்கொலை என்று எல்லோரும் முடிவுகட்டுகிறார்கள். ஊர்க்கார வயசான துப்பறியும் போலீஸ்காரர் ஒருவர் மட்டும், ஆணின் சட்டைப்பையில் இருந்த ரயிலுக்குள் இருக்கும் உணவகத்தின் ரசீதைப் பார்க்கிறார். 'ஒரு நபர்' என்று இருக்கிறது. சேர்ந்து சாகப்போகும் காதலர்களில் ஒருவர் மட்டும் ஏன் சாப்பிட்டார்? அவ்வளவுதான், நாவல் அங்கிருந்து கிளம்பி ஓர் அமைச்சகத்தின் லஞ்ச விவகாரம் வரைக்கும் போகிறது. டோக்கியோ ஸ்டேஷனில் 13-ஆம் நடைமேடையில் நின்றால், நடுவில் வேறு ரயில் நின்று மறைக்காமல் 15-ஆம் நடைமேடை தெரிவது நாள் முழுக்கவும் நான்கே நிமிடம், அந்த நான்கு நிமிடத்தை யாரோ பயன்படுத்தியிருக்கிறார். புதிர் இருக்கிறது, ஆனால் விடை ஒரு ஆளின் பெயரோடு நிற்பதில்லை. கீழ்நிலை அதிகாரி செத்தால் மேலே இருப்பவர்களுக்கு வசதி என்ற ஏற்பாட்டையே காட்டுகிறது. இந்த எழுத்து வகையைச் 'சமூகப் பள்ளி' என்றார்கள். அதன் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் ஜப்பானில் இதுதான் ராஜ்ஜியம். 1987-இல் அயாட்சுஜி யுகிட்டோ என்ற இளைஞர் ஒரு தீவு, ஒரு பத்துக்கோண வீடு, ஏழு மாணவர்கள் என்று எழுதினார். லஞ்சம், ஊழல், செருப்புத் தேயும் போலீஸ்காரர் எல்லாம் போதும், மூளைக்கு வேலை கொடுக்கும் விளையாட்டு வேண்டும் என்று முதல் அத்தியாயத்திலேயே ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்லிவிட்டார். அசல் ரகம் திரும்பி வந்தது.

உங்கள் ஹிகாஷினோ நாவல் இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தது. 2005-இல் வந்தது, நவோகி என்ற இலக்கியப் பரிசு வாங்கியது. அதே நேரம் அசல் ரகக் கதைகளுக்கான பரிசையும் வாங்க, "இது அசல் ரகம்தானா?" என்று ஜப்பானிய எழுத்தாளர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. அதாவது உங்களுக்கு வந்த சந்தேகம் அவர்களுக்கும் வந்தது. வெட்கப்படாதீர்கள். கொலையைக் கண்ணால் பார்த்துவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள், அந்த நினைப்பின் மேல்தான் புதிரே கட்டப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் தாய்க்கும் மகளுக்கும் என்ன செய்து கொடுத்தார் என்பதை நாமும் பார்க்கவில்லை, போலீஸும் பார்க்கவில்லை. மேலே சொல்லமாட்டேன். போய் மறுபடியும் எடுங்கள்.

ஜப்பானில் ஒரு வழக்கு கோர்ட்டுக்குப் போனால் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனைதான். உறுதியாக ஜெயிக்கும் வழக்கை மட்டுமே அரசு வக்கீல்கள் எடுத்துப் போவது அதற்கு ஒரு காரணம். குற்றம் சாட்டும் முன் ஒரு குற்றத்துக்காக 23 நாள் வரை காவலில் வைத்து விசாரிக்கலாம், ஒப்புதலுக்கு அங்கே பெரிய மதிப்பு. இதனால்தான் ஜப்பானிய நாவல்களில் கடைசி அத்தியாயம் நீண்ட ஒப்புதலாகவும் கடிதமாகவும் வருகிறது என்று எனக்குத் தோன்றும். முதல் பாதி உறுதியான தகவல். இரண்டாம் பாதி என் ஊகம், அதற்கு மேல் அதில் எடை வைக்காதீர்கள். இங்கிலாந்துக் கதையிலும் ஒப்புதல் வருகிறதே என்று யாராவது குறுக்கே கேட்டால் எனக்குப் பதில் சுருக்கமாகத்தான் இருக்கும்.

ஷாஷாவின் நாவல் நடக்கும் இத்தாலியத் தீவான சிசிலிக்கு வருவோம், இது எனக்கு மிகவும் பிடித்த ஊர். இத்தாலியில் துப்பறியும் கதைக்குப் பெயரே 'ஜாலோ', மஞ்சள் என்று அர்த்தம். மொண்டடோரி பதிப்பகம் 1929-இல் மஞ்சள் அட்டையில் ஒரு வரிசை தொடங்கியது, அட்டையின் நிறமே வகைக்குப் பெயராகிவிட்டது. முசோலினி காலத்தில் இத்தாலிய மண்ணில் இத்தாலியன் கொலை செய்வதாக எழுதுவது அரசுக்குப் பிடிக்கவில்லை, 1941-இல் அந்த வரிசையே நின்றது. இப்படிப்பட்ட இடத்தில் 1961-இல் ஷாஷா எழுதுகிறார். விடியற்காலை, சதுக்கத்தில் பஸ் கிளம்பத் தயார், ஓடிவந்து ஏறப்போகும் ஆளைச் சுடுகிறார்கள். பயணிகள் ஒவ்வொருவராக நழுவிப் போகிறார்கள். கடலை மாவுப் பலகாரம் விற்பவர் ஒருவர் அங்கேயே இருந்தவர். அவரைப் பிடித்து யார் சுட்டார்கள் என்று கேட்டால், ஆச்சரியப்பட்டு, "ஏன், யாராவது சுட்டார்களா என்ன?" என்கிறார். இருபத்தாறு வருடத்தில் இந்தப் பலகாரக்காரரை நான் கூண்டில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

வடக்கே பார்மாவிலிருந்து வந்து வழக்கை விசாரிக்கும் கேப்டன் பெல்லோடி செய்வதெல்லாம் சரி. யார், ஏன், யார் சொல்லி, எல்லாம் கண்டுபிடிக்கிறார். முதல் கேள்விக்கு விடை வந்தாயிற்று. நாவல் இரண்டாவது, மூன்றாவது கேள்வியில் வாழ்கிறது. மாஃபியா என்று ஒன்று இருக்கிறதா என்றே பெரிய இடங்களில் சந்தேகம் தெரிவித்த காலம் அது. அவதூறு வழக்குக்குப் பயந்து வெட்டிக் குறைத்தேன், முழுச் சுதந்திரத்தோடு எழுதவில்லை என்று ஷாஷாவே நாவலின் பின்குறிப்பில் சொல்லியிருக்கிறார். வக்கீலாக எனக்கு உறைத்தது இன்னொன்று. மாஃபியாவில் சேர்ந்திருப்பதே குற்றம் என்று இத்தாலிய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 416-பிஸ் வந்தது 1982-இல். நாவல் வந்து 21 வருடம் கழித்து. அதாவது பெல்லோடி கண்டுபிடித்த விஷயத்துக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. முடிவில் ஒன்றும் நடக்கவில்லை என்று வருத்தப்பட்டீர்கள். அந்த ஒன்றும் நடக்காததற்காகத்தான் ஷாஷா முழு நாவலையும் எழுதினார். இது உங்களுக்குக் கசப்பாக இருந்தால் அதே தீவில் ஆண்ட்ரியா கமில்லேரியின் இன்ஸ்பெக்டர் மொன்டல்பானோ இருக்கிறார், 1994-இல் தொடங்கிய வரிசை, சாப்பாடும் சிரிப்பும் நிறைய. ஆனால் கவனித்துப் பாருங்கள், அவரும் உண்மையைக் கண்டுபிடித்த பிறகு அதை மேலே எவ்வளவு சொல்வது என்று தானே தீர்மானித்துக்கொள்கிறார்.

ஸ்வீடன். ஷோவாலும் வாலோவும் சேர்ந்து வாழ்ந்த இடதுசாரிகள். குழந்தைகள் தூங்கிய பிறகு இரவில் ஆளுக்கு ஒரு அத்தியாயமாக எழுதினார்கள். 1965 முதல் 1975 வரை பத்து நாவல், ஒவ்வொன்றும் முப்பது அத்தியாயம், மொத்தத்தையும் ஒரே நாவலின் பத்துப் பகுதிகளாகத் திட்டமிட்டார்கள். அவர்கள் தொடங்கிய அதே 1965-இல் ஸ்வீடனில் ஊராட்சிகளின் கையில் இருந்த போலீஸ் மத்திய அரசின் கைக்கு மாறியது, வரிசை முழுக்க அந்த மாற்றத்தின் மேல் புகார் இருக்கிறது. 'ரோசான்னா'வில், கால்வாயில் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் வருகிறது. பெயர் தெரியாது, தேடி யாரும் வரவில்லை. வாரங்கள் போகின்றன. விசாரிக்கும் போலீஸ்காரர் மார்ட்டின் பெக்குக்கு வயிறு சரியில்லை, வீட்டில் நிம்மதி இல்லை, காத்திருக்கிறார். உங்களுக்கு அலுத்த அந்தப் பக்கங்கள்தான் நான் படித்த துப்பறியும் எழுத்திலேயே உண்மையான போலீஸ் விசாரணைக்கு மிக நெருக்கம். நிஜ விசாரணை என்பது மூளையின் மின்னல் இல்லை. கடிதம் போட்டு பதில் வருமா என்று உட்கார்ந்திருப்பது. ஸ்காண்டிநேவியக் குற்ற நாவல்களின் இருட்டுக்கு 1986-இல் பிரதமர் ஊலாஃப் பால்மே தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டதைக் காரணமாகச் சொல்வார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் இந்த இருவரும் அதற்கு இருபது வருடம் முன்பே இந்த இருட்டை எழுதிவிட்டார்கள், அதனால் அந்த விளக்கத்தை நான் முழுசாக நம்புவதில்லை.

பிரான்ஸை வேகமாகக் கடக்கிறேன், சிமெனோன் எழுதிய, மெக்ரே என்ற போலீஸ் அதிகாரியின் வரிசையில் மட்டும் எழுபத்தைந்து நாவல்கள், அதற்குத் தனிப் பதில்தான் எழுத வேண்டும். அங்கே விசாரணை மாஜிஸ்திரேட் ஒருவர் போலீஸுக்கு மேலே உட்கார்ந்திருப்பார், மெக்ரேயின் பாதி எரிச்சல் அவரால்தான் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் பல காட்சிகள் விளங்கும். அர்ஜென்டினாவை மட்டும் விட மனசில்லை. அந்நாட்டு எழுத்தாளர்கள் போர்ஹெஸும் பியோய் கசாரெஸும் 1942-இல் ஒரே புனைபெயரில் எழுதிய கதைகளில் துப்பறிபவர் சிறைக் கைதி, பொய் வழக்கில் உள்ளே போன ஒரு பார்பர். ஆட்கள் வந்து கதை சொல்வார்கள், அவர் கேட்டுவிட்டு அறையை விட்டு நகராமல் விடை சொல்வார். சிரிப்புக் கதைகள்தான். ஆனால் துப்பறிபவரையே பொய் வழக்கில் உள்ளே வைத்துவிட்ட நாட்டைப் பற்றி வேறென்ன சொல்ல வேண்டும்? அதே ஊரில் ரொடோல்ஃபோ வால்ஷ் புதிர்க் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். 1956-இல் அரசு ரகசியமாகச் சுட்டுக் கொன்றவர்களில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று காதில் விழ, நிஜமாகவே துப்பறியக் கிளம்பினார். 1957-இல் அது நூலாக வந்தது. 1977-இல் ராணுவ ஆட்சிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிய மறுநாள் அவரையே சுட்டார்கள், உடல் கிடைக்கவில்லை.

என் விளக்கத்தின் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்தை வைத்து நாவலை அளப்பது வக்கீலின் பழக்கதோஷம். ஒரே சட்டத்தின் கீழ் வாழ்ந்த யோகோமிசோவும் மாட்சுமோட்டோவும் இரண்டு துருவமாக எழுதினார்கள், என் சூத்திரம் அதை விளக்காது. பத்திரிகைக்காரர் எதைக் கேட்டார், வாசகர் ரயிலில் படித்தாரா வீட்டில் படித்தாரா என்பதெல்லாம் சட்டத்தைவிடப் பெரிய காரணமாக இருந்திருக்கலாம். நம்மிடமே பாருங்கள், சுஜாதாவின் கணேஷ் துப்பறிபவர் இல்லை, வக்கீல். இங்கே தனியார் துப்பறிவாளர் கொலை வழக்கில் நுழைவது நம்பும்படி இருக்காது என்பதால் அப்படி வைத்தார் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். வக்கீல் என்றால் கோட்டும் காரும் வசனமும் கிடைக்கும் என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

சரி, எப்படிப் படிப்பது என்று கேட்டீர்கள். புது நாட்டு நாவலை எடுத்தால் முதல் முப்பது பக்கத்தில் 'யார்' என்று தேடாதீர்கள். விசாரிப்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று பாருங்கள், அவர் மேலே யாருக்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். மூன்று கேள்வியில் எது கதை என்று அதிலேயே தெரிந்துவிடும். பெயர்கள் குழப்பினால் அட்டைக்குள் பென்சிலால் எழுதி வையுங்கள், ஜப்பானிய நாவல்கள் சிலவற்றில் தொடக்கத்திலேயே பாத்திரப் பட்டியல் இருக்கும். 'ரோசான்னா'வை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அந்தக் கால்வாய்ப் படகில் பயணம் செய்தவர்கள் பல நாடுகளுக்குத் திரும்பிப் போயிருப்பார்கள், அவர்கள் எடுத்த சுற்றுலாப் படங்களை ஒவ்வொன்றாக வரவழைத்துப் பார்க்கும் கட்டம் வரும். அதுவரைக்குமாவது போங்கள். அதற்கு மேலும் பிடிக்கவில்லை என்றால் மூடிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

ஜப்பானில் அடுத்து மாட்சுமோட்டோவை வாங்குங்கள். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு 'பாயிண்ட்ஸ் அண்ட் லைன்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது, 2022-இல் வந்த புதிய மொழிபெயர்ப்புக்கு 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்று பெயர். இரண்டும் ஒரே நாவல். அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் நான் இரண்டையும் வாங்கினேன்.